சித்தப்பாகிட்ட வாரண்ட் இருக்கு

மார்ச் 3, செவ்வாய்

பட்டுவுக்கு இன்று பல்லில் கம்பி போட்டுவிட்டார்கள்.

இதை நான் அப்பாவின் பழைய பராமரிப்புப் புத்தகம் ஒன்றில் எழுதுகிறேன். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறது: தேதி, கோளாறு, சரிசெய்தவர். கட்டத்துக்குள் என் கோளாறு அடங்காது. குறுக்கே எழுதுகிறேன். சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தால் டார்ச் வெளிச்சம் வெளியே தெரியாது. அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் மாட்டிக்கொள்வேன்.

பட்டு என் சித்தப்பா மகள். ஒரே கட்டிடம். நாங்கள் முதல் தளம், அவர்கள் ஐந்தாம் தளம். வகுப்பும் ஒன்றுதான். எனக்கு இரண்டு மாதம் இளையவள், முறைப்படி என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கேட்டால், "ரெண்டு மாசத்துக்கெல்லாம் அக்காவா? அப்போ க்யூவுல எனக்கு முன்னாடி நிக்கிறவங்கள எல்லாம் பெரியம்மான்னு கூப்பிடணுமா?" என்பாள்.

அவள் பல்லில் என்ன குறை? ஒரே ஒரு கோரைப்பல் லேசாகத் திரும்பியிருக்கும். அவ்வளவுதான். என் மேல் முன்பற்கள் இரண்டும் உள்ளே இடமில்லாத விருந்தாளிகள் மாதிரி உதட்டுக்கு வெளியே வந்து நிற்கின்றன. பள்ளியில் என் பெயர் துருவி. தேங்காய் துருவலாமாம். டாக்டர் மூன்று வருடம் முன்பே எனக்குக் கம்பி போடச் சொன்னார். அப்பா மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறார். வீட்டில் அதற்குப் பெயரே 'பல் பணம்'. இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி.

சாயங்காலம் மேலே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் மேலும் சின்ன ரப்பர் வளையம், ரோஸ் கலரில். மாதம் ஒரு தடவை கலர் மாற்றிக்கொள்ளலாமாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "நல்லாயிருக்கு" என்று கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னேன்.

அப்போது உள்ளே சித்தி யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது: "எல்லாம் வாரண்ட் பண்ற வேலைதான். இன்னும் ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏப்ரல்ல தேதி."

எனக்குத் தெரிந்த வாரண்ட் ஒன்றுதான். போலீஸ் கொண்டு வருவது. படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். பயம்தான். ஆனால் பயம் மட்டும்தானா? எழுதக் கை கூசுகிறது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

மார்ச் 4, புதன்

பள்ளி வாசலில் ஒரு போலீஸ் ஜீப். வேறு எதற்கோ வந்திருக்கிறது. நான் பட்டுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோஸ் கலரில் சிரித்தாள்.

மார்ச் 7, சனி

வாரண்ட் என்றால் போலீஸ் இல்லை. கடையில் வாங்குவது போல வாங்கும் சாமானாம்.

சித்தப்பா கீழே வந்திருந்தார். அவர் டைல்ஸ் ஷோரூமில் விற்பனையாளர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். அம்மாவே கேட்டுவிட்டாள்: "என்ன தம்பி, உங்க வீட்டுல வாரண்ட் வாரண்ட்னு பேச்சா இருக்கே?" சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது.

"அண்ணி, இது வேற வாரண்ட். ஒரு கப்பல் கம்பெனி இருக்கு. அதோட பங்கு இன்னைக்கு நாலு அறுபது. ஏப்ரல் இருபத்தி நாலு அன்னைக்கு அதை அஞ்சுக்கு வாங்கிக்கலாம்ங்கிற உரிமைய ஒரு பேங்க்காரன் சீட்டா விக்கிறான். சீட்டு எட்டே காசு. பங்கு வாங்க நம்மகிட்ட வசதி ஏது? சீட்டு வாங்கலாம்ல?"

"பங்கு ஆறுக்குப் போனா?" என்றாள் அம்மா.

"சீட்டு விலை எங்கேயோ போயிடும்."

"அஞ்சுக்குக் கீழயே நின்னுடுச்சுன்னா?" இது அப்பா. செய்தித்தாளை இறக்கவே இல்லை.

"ஏண்ணே, நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

"சீட்டு என்னாகும்னு கேட்டேன்."

"அன்னையோட முடிஞ்சிடும். வெறும் காகிதம். ஆனா அதுவரைக்கும் யாரு வெச்சுக்கிட்டு உக்காரப் போறா? ஏறினதும் வித்துட்டு வெளிய வந்துட வேண்டியதுதான். ரெண்டு தடவை அப்படித்தான் வந்தேன். மூணே நாள்ல."

அப்பா செய்தித்தாளை மடித்தார். "லிஃப்ட் மேல போகுதுன்னா பின்னாடி ஒரு கனம் கீழ இறங்குதுன்னு அர்த்தம்டா. நீ மேல போனா யாரு இறங்குறான்?"

"பேங்க்தான்."

"இறங்குறதுக்கா மெனக்கெட்டு சீட்டு அச்சடிக்கிறான்?"

"அண்ணி, இவருக்கு உலகமே லிஃப்ட்டுதான். நாளைக்குச் செத்தாலும் மேல போற பட்டனை அமுக்கிட்டுத்தான் போவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போலீஸ் வராது. எட்டு காசுச் சீட்டில் பட்டுவுக்குப் பல் நேராகப் போகிறது. அது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். பாத்திரம் துலக்கிக்கொண்டே தானாகப் பேசினாள்: "தேதி போட்ட சரக்கை நம்பி யாராவது ஸ்டாக் எடுப்பாங்களா? எங்க கடையில எக்ஸ்பயரி ரெண்டு மாசம் இருக்குன்னாலே அந்தப் பெட்டியை எவனும் சீண்ட மாட்டான். மருந்து நல்ல மருந்துதான். தேதிதான் அதைக் கொல்லுது."

நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டை மறுபடியும் துடைத்தேன். அம்மா சொல்வது சரி என்றுதான் பட்டது. ஆனால் சரியாக இருப்பதால் என் பல் நேராகிவிடுமா?

மார்ச் 10, செவ்வாய்

நான் செய்தது தப்பு. யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே.

மதிய இடைவேளையில் பட்டு கலர் அட்டையைக் கொண்டுவந்தாள். டாக்டர் கொடுத்ததாம். முப்பது நிறம். எல்லோரும் சூழ்ந்துகொண்டு அடுத்த மாதம் இது போடு, அது போடு என்றார்கள். நான் என் கலரை ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்து வைத்திருக்கிறேன். மயில் கழுத்து நிறம். அட்டையில் இருபத்தி இரண்டாவதாக இருந்தது. விரலை அதன் மேல் வைத்து மறைத்துக்கொண்டேன், பட்டு பார்த்துவிடக் கூடாதென்று. "உனக்குப் பிடிச்ச கலரா?" என்றாள். பார்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், பல் பணத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கூடாது என்றார். ஏன் என்றேன். ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அப்போது என் வாயிலிருந்து வந்தது –

"நீங்க லிஃப்ட்டைத்தான் மேல ஏத்துவீங்க. எங்கள இல்ல."

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். கை கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். கிரீஸ் போகாத கை அது, எவ்வளவு கழுவினாலும் அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 12, வியாழன்

அப்பா பல் பணம் முழுவதையும் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். சித்தப்பா எட்டு காசு வீதம் அத்தனைக்கும் அதே சீட்டை வாங்கிவிட்டாராம். அம்மா காலண்டரில் ஏப்ரல் இருபத்தி நான்கைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். கடையில் காலாவதிப் பெட்டிக்குப் போடுவாளே, அதே வட்டம்.

என்னால்தான். ஆனாலும் சந்தோஷம். ஏப்ரல் இருபத்தி நான்குக்குள் எனக்கும் கம்பி!

மார்ச் 19, வியாழன்

விலையை அப்பா போனில் பார்த்துச் சொல்லக் கேட்க எனக்கு முகமில்லை, பட்டுவின் புது டேப்லெட்டில்தான் பார்க்க வேண்டும். அந்த டேப்பும் வாரண்ட் வாங்கிக் கொடுத்ததுதான். தினமும் ஐந்தாம் தளம் ஏறிப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

"கேளு, 'தயவுசெய்து'ன்னு சொல்லிக் கேளு."

சொன்னேன்.

பங்கு நாலு அறுபத்தி ஐந்து. ஐந்து காசு ஏறியிருக்கிறது. சீட்டு? எட்டே காசு. ஏறவே இல்லை. பட்டு, "ரெண்டு நாள்ல பிச்சிக்கும் பாரு" என்றாள். அவள் அப்பா சொன்னதை அப்படியே சொல்கிறாள். சொல்லும்போது கம்பி மின்னுகிறது.

மார்ச் 25, புதன்

பங்கு நாலு எழுபது. சீட்டு ஏழு காசு.

பங்கு ஏறுகிறது, சீட்டு இறங்குகிறது. எப்படி? பட்டுவுக்கும் தெரியவில்லை. சித்தப்பாவைக் கேட்டேன். "நாள் குறையுதுல்லம்மா, அதுக்கும் ஒரு விலை உண்டு" என்று முகம் பார்க்காமல் சொன்னார். தரையைப் பார்த்தார். அது அவர் வீட்டுத் தரை. அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

அம்மா சொன்னது போலவே நடக்கிறது. தேதிதான் கொல்கிறது. இப்போதே விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வாங்கச் சொன்னதே நான்தானே.

மார்ச் 28, சனி

பட்டு இந்த மாதம் மஞ்சள்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று வகுப்பு போட்டோ. இதை எழுதி முடித்துவிட்டுத்தான் தூங்குவேன்.

போட்டோக்காரர் வரிசை வரிசையாக நிறுத்தினார். பட்டு முன் வரிசை, நான் அவளுக்குப் பின்னால். எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். கை கீழே இருக்க வேண்டும் என்றதால் வாயை மூட முடியவில்லை. கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "பின்னாடி நிக்கிற பாப்பா, நீ வாயை மூடிக்கோம்மா. பல்லு மட்டும்தான் தெரியுது. முன்னாடி பொண்ணு, நீ நல்லா சிரி, கம்பி ஜோரா இருக்கு" என்றார்.

நாற்பது பேர் சிரித்தார்கள். பட்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அது போதாதென்று, "கவலப்படாத துருவி, எங்கப்பா தயவுல உனக்கும் கம்பி வந்துடும்" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி. எங்கப்பா தயவுல!

அந்தப் பணம் என் அப்பா ஒவ்வொரு கட்டிடமாக இருட்டுக் குழிக்குள் இறங்கிச் சேர்த்தது.

கை கழுவும் இடத்தில் ரேடியோ நின்றிருந்தாள். எங்கள் வகுப்புதான். காதில் விழுந்தது வாய்க்கு வர அவளுக்கு ஒரு பாடவேளை கூட ஆகாது, அதனால் ரேடியோ. அவள் அப்பா சித்தப்பாவின் ஷோரூமில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர்.

"பட்டு வீட்டுல என்ன திடீர்னு இவ்வளவு காசு? கம்பி, டேப்பு..." என்று கேட்டாள்.

நான் குழாயை மூடினேன். நிதானமாகச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது.

"சித்தப்பாகிட்ட வாரண்ட் இருக்கு. ஏப்ரல் இருபத்தி நாலு தேதி போட்டு."

ரேடியோவின் கண் விரிந்தது. அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் முன்பு நானும் அதைத்தான் நினைத்தேன். 'அந்த வாரண்ட் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் வாரண்ட் இருக்கிறது. நிஜம்தானே?

ஏப்ரல் 3, வெள்ளி

தூக்கம் வரவில்லை. நிஜம்தானே, நிஜம்தானே என்று எத்தனை தடவை எழுதினாலும்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே எல்லாம் முடிந்திருந்தது. பட்டுவின் மேஜையில் சாக்பீஸால் கைவிலங்கு வரைந்திருந்தார்கள். ஒருத்தி அவள் பல்லைக் காட்டி, "கம்பிய வாயில போட்டாங்க, அப்பாவ கம்பிக்குள்ள போடுவாங்க" என்றாள். வகுப்பே குலுங்கியது. பட்டுவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அது ஷேர் மாதிரி! ஷேர் மாதிரி!" என்று கத்தினாள். யாரும் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நாள் முழுக்கத் திறக்கவில்லை.

இதைத்தான் நான் ஆசைப்பட்டேனா? அவள் வாயை மூட வேண்டும் என்று? மூடிவிட்டாள். எனக்கு ஏன் இனிக்கவில்லை?

ரேடியோவை மாடிப்படியில் பிடித்தேன். "என்னடி சொல்லி வெச்ச?"

"நீ சொன்னதத்தான். 'சித்தப்பா மேல வாரண்ட் இருக்கு'ன்னு."

"நான் 'மேல'ன்னா சொன்னேன்? 'கிட்ட'ன்னு தானே சொன்னேன்!"

ரேடியோ யோசித்தாள். முகம் வெளுத்தது. "ரெண்டும் ஒண்ணுதானடி?"

ஒன்றில்லை என்று இருவருக்கும் தெரியும். அவளும் வெளியே சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் தொங்குகிறோம்.

ஏப்ரல் 8, புதன்

இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சித்தப்பா ஷோரூம் ஆட்கள் நாலு பேரிடம் பணம் வாங்கி அந்தச் சீட்டில் போட்டிருந்தாராம். அதில் ஒருவர் ரேடியோவின் அப்பா. ரேடியோ வீட்டிலும் ஒலிபரப்பியிருக்கிறாள். சாயங்காலம் நாலு பேரும் ஐந்தாம் தளத்துக்கு வந்துவிட்டார்கள். சித்தி போன் செய்ததும் அப்பாவும் அம்மாவும் மேலே ஓடினார்கள். நான் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன்.

"உங்க மேல வாரண்ட் இருக்காமே?"

"ஐயோ, அது அந்த வாரண்ட் இல்லங்க!"

"அப்போ எந்த வாரண்ட்?"

"அது... நீங்க கொடுத்த காசுல வாங்கினதுங்க."

"எங்க காசுல வாரண்ட்டா? எங்ககிட்ட ஷேர்னு தானே சொன்னீங்க?"

"ஷேர் மாதிரிதான்."

"மாதிரியா?" ரேடியோவின் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "கிடங்குல டைல்ஸ் கேட்டா டைல்ஸ் மாதிரி ஒண்ணை எடுத்துக் கொடுக்கட்டுமா?"

எல்லாப் பணமும் இன்றே வேண்டும் என்றார்கள். இன்று சந்தை மூடிவிட்டது, நாளை காலை விற்றுவிடுகிறேன் என்று சித்தப்பா கெஞ்சினார். டேப்பைக் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"இதுல சீட்டு அஞ்சு காசுன்னும் போட்டிருக்கு, நாலு காசுன்னும் போட்டிருக்கே?"

"வாங்கினா அஞ்சு அண்ணி. வித்தா நாலு."

"நாம வித்தா யாரு வாங்குவா?"

"அந்த பேங்க்தான்."

"விக்கிறவனும் அவனே, திருப்பி எடுக்குறவனும் அவனே. நடுவுல அந்த ஒரு காசு?"

சித்தப்பா டேப்பை அணைத்தார். பட்டு உள்ளறைக் கதவிடுக்கில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

விற்றாகிவிட்டது. நாலு காசு வீதம். எட்டுக்கு வாங்கியது. ஷோரூம் ஆட்களுக்குக் குறையாமல் கொடுக்க, சித்தப்பா தன் சீட்டுப் பணத்தோடு பைக்கையும் டேப்பையும் சேர்த்து விற்றார். அப்பாவுக்குப் பாதி வந்தது. அண்ணனிடம்தான் பாதி என்று சொல்ல முடிந்ததாம்.

என் பல்லில் பாதி போய்விட்டது. என் வாயால் போனது.

ஏப்ரல் 10, வெள்ளி

பட்டு நாலாவது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பாசிரியை, "யார் கிளப்பிய வதந்தி? தானாக எழுந்து நின்றால் விட்டுவிடுவேன்" என்றார். ரேடியோ என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.

ஏப்ரல் 17, வெள்ளி

பட்டு வருகிறாள். பேசுவதில்லை. சிரிப்பதில்லை. மஞ்சள் ரப்பர் கறுத்துப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். பார்க்க முடிந்தால்தானே.

ஏப்ரல் 24, வெள்ளி

சிவப்பு வட்டம் போட்ட நாள்.

அப்பா போனில் பார்த்தார். கப்பல் கம்பெனிப் பங்கு நாலு எண்பதில் முடிந்தது. நாங்கள் வாங்கும்போது நாலு அறுபது. பங்கு ஏறித்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தைத் தாண்டவில்லை. சீட்டு செத்துவிட்டது. பூஜ்யம்.

விற்காமல் வைத்திருந்தால் இன்று ஒரு காசு கூட இருந்திருக்காது. எனக்கு இது புரிய ஐந்து நிமிடம் ஆனது. புரிந்ததும் காலண்டரில் அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

இரவு சாப்பிட்ட பிறகு சித்தப்பாவும் சித்தியும் கீழே வந்தார்கள். சித்தப்பா ஒரு மாதிரி சிரித்தார். "யாரு அந்தப் புரளியக் கிளப்பினாங்களோ, அந்த வாய்க்கு சக்கரை போடணும்ணே. அவங்க வந்து சட்டையப் பிடிக்கலன்னா நான் கடைசி நாள் வரைக்கும் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"என் பொண்ணு நாலு நாள் போர்வைக்குள்ள கிடந்து அழுதாளே, அந்த வாய்க்கா சக்கரை?" என்றாள் சித்தி.

டம்ளரைக் கழுவும் சாக்கில் நான் சமையலறைக் கதவோரம் போய் நின்றேன்.

அப்பா மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே கேக்குறேன்டா. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுல லாபமே கிடையாதா?"

"கிடையாதுன்னு சொல்ல மாட்டேன். எனக்கே ரெண்டு தடவை வந்துச்சே. ஆனா அப்போ சந்தையே ஏறிட்டு இருந்துச்சுண்ணே. லிஃப்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டு நானே ஏறுறதா நினைச்சுட்டேன். நாள் பூரா திரை முன்னாடி உக்காந்து, நஷ்டம்னா உடனே வித்துட்டு எந்திரிச்சுப் போக மனசு இருக்கிறவன் ஜெயிப்பானோ என்னவோ. நான் ஒருத்தருக்கு பாத்ரூம் டைல் காட்டிட்டுத் திரும்புறதுக்குள்ள விலை போயிடுது. இறங்குச்சுன்னா ஏறும் ஏறும்னு நாளைக் கடத்துவேன். அந்த நாளைத்தான் பேங்க்காரன் எனக்கு வித்திருக்கான்."

அப்பா 'நான் அன்றே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். கொடுக்கச் சொன்னது நான் என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று கேட்டதை எப்படி எழுதுவேன்.

பட்டுவின் கம்பிக்கு முதல் தவணைதான் கட்டியிருக்கிறார்கள். இனி மாதாமாதம் கட்ட வழியில்லை, கழற்றிவிடலாம் என்று சித்தி டாக்டரிடம் போயிருக்கிறாள். டாக்டர் கூடாது என்றாராம். பாதி இழுத்த பல் பாதியில் நிற்காதாம். முன்பு இருந்ததை விடக் கோணலாகப் போய்விடுமாம்.

அப்பா என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். "பல் பணத்துல பாதி இருக்கு. அதை வெச்சு உனக்கு ஆரம்பிக்க முடியாது. அவளுக்கு முடிக்கலாம். உன் பணம்தான் அது. நீ வேணாம்னா வேணாம்."

எனக்கு நெஞ்சு கொதித்தது. ரோஸ் அவளுக்கு. மஞ்சள் அவளுக்கு. டேப் அவளுக்கு. இப்போது என் பல் பணமும் அவளுக்கா? நேராக இருந்த பல்லுக்கா? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முழு உரிமையும் இருக்கிறது. ஆனால் அந்த வாய் –

"கொடுத்துடுங்கப்பா."

அப்பா என் தலையில் கை வைத்தார். "பெரிய மனசு" என்றார். அதைவிட அவர் மார்ச் பத்தாம் தேதியே என்னை அறைந்திருக்கலாம்.

ஏப்ரல் 27, திங்கள்

பெரிய மனசாம்.

மே 2, சனி

சித்திக்கு வேலை இருந்ததால் பட்டுவோடு நான்தான் டாக்டரிடம் போனேன். பணம் இருந்த உறை என் பையில். காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பெரிய பல் படம். எங்கள் முறை வர வெகுநேரம் ஆனது. இருபத்தாறு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"ரேடியோ நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டா."

ஒரு மாதமாக நான் பயந்த நிமிடம் இதுதான். வந்தபோது சத்தமே இல்லாமல் வந்துவிட்டது.

"நீ 'கிட்ட'ன்னு தான் சொன்னியாம். அவதான் 'மேல'ன்னு மாத்திட்டாளாம்."

"ஆமா."

"அப்போ நீ பொய் சொல்லல."

சுவரில் இருந்த பல்லைப் பார்த்தேன். வேரோடு வரைந்திருந்தார்கள். ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"பொய்தான். அவ என்ன நினைப்பான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

பட்டு சடை நுனியைப் பிரித்துப் பின்னினாள். பிறகு, "போட்டோ அன்னைக்கு நான் சொன்னதுக்கா?" என்றாள்.

"அதுக்கும்தான். அதுக்கு முன்னாடியே வயித்தெரிச்சல்."

"இந்தக் கம்பிக்கா?" விரலால் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். உள்பக்கம் முழுவதும் புண். "ராத்திரி வலி உயிர் போகும். உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அவள் சிரித்ததை மட்டும்தான் நான் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் அந்த அட்டையை நீட்டினார். முப்பது நிறம். பட்டு வாயைத் திறந்து படுத்திருந்தாள், சரியாகப் பேச முடியாது. கண்ணை என் பக்கம் திருப்பி, பஞ்சு வைத்த வாயோடு, "அக்கா, நீ சொல்லு" என்றாள்.

கிண்டலா, நிஜமா? பஞ்சுக்குள்ளிருந்து வந்ததால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

பழுப்பு என்று சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பல் இடுக்கில் ஏதோ ஒட்டியது போல ஒரு மாதம் திரிவாள். விரல் அட்டையின் மேல் நின்றது.

"இருபத்தி ரெண்டு" என்றேன்.

திரும்பி வரும்போது எங்கள் கட்டிட லிஃப்டில் ஏறினோம். முதல் தளத்தில் நான் இறங்கவில்லை, அவளோடு ஐந்து வரைக்கும் போனேன். அவள் கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நானும் பார்த்தேன். மயில் கழுத்து நிறம், நான் நினைத்தது போலவே.

நன்றாகத்தான் இருக்கிறது. என் பல்லில் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.